அய்யலூர்ச் சந்தையில் முகம் கழுவிய கோழிகள்

திண்டுக்கல்லில் நாட்டுக்கோழி வியாபாரம் பார்க்கிறேன். வீட்டுக்குப் பின்னால் சொந்தக் கோழிகளும் நாற்பது உண்டு. ஆடி மாதத்துக் கோயில் விசேஷங்களுக்கு ஆர்டர் கூடியதால், போன வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்குக் கிளம்பினேன். காலை ஐந்து பத்துக்குத் திருச்சி பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம்.

ஆட்டுக் கூட்டத்தைத் தாண்டினால் கோழி வரிசை. வடமதுரைப் பக்கத்துப் பஞ்சவர்ணம் என்ற பெண் ஆறு பெட்டைகளை வைத்திருந்தார். மற்றவர்கள் கிலோ ஐநூறு சொல்ல, இவர் நானூறு சொன்னார். விலை குறைந்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். சந்தைக் கோழியின் மூக்கில் புழுதி ஒட்டியிருக்கும். இவை துடைத்து வைத்த மாதிரி இருந்தன. ஒன்றைத் தூக்கிக் காதோரம் வைத்தேன்.

"ஏண்ணே, கோழி வாங்க வந்தீகளா, போன் பேச வந்தீகளா?"

"பேசிக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி. கர்ருனு கேக்குது. மூஞ்சியக் கழுவி விட்டியா?"

முறைத்தார். பிறகு குரல் இறங்கியது. "இங்கன வாங்குன சேவல கூட்டத்தோட விட்டேன். மூணாம் நாளு பாதிக்கு மேல மூஞ்சி வீங்கிருச்சு. மருந்து ஊத்துனதுல வீக்கம் வத்திருச்சு, இரைப்பு நிக்கல. எட்டு செத்துப்போச்சுண்ணே. வீட்டுல நல்லா இருக்கறது இன்னும் எட்டுதான்."

"இந்த ஆறும் விக்கலைன்னா?"

"அதுகளோடதான் அடைக்கணும்."

எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். பத்து ஊர்ச் சளியைச் சந்தையில் வாங்கிக்கொண்டு கோழி வீடு திரும்பும்.

எட்டுக் கிலோமீட்டர் ஆட்டோவில் அவரை வடமதுரை கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஆறும் கைமாறினால் சுற்றிச் சுற்றி என் கூண்டுக்கே வரும்.

"ரெண்டு நோய் சேந்து பிடிச்சிருக்கும்மா," என்றார் மருத்துவர். "உங்க மருந்து ஒண்ண அமுக்கிருச்சு. இன்னொண்ணு உள்ளயே இருக்கு. தேறுன கோழியும் பரப்பும். அடுத்து எதாச்சும் செத்தா கொண்டாங்க, அறுத்துப் பாத்துருவோம்."

"அப்ப இதுகள எங்க சார் வைக்க?"

கடைசியில் பஞ்சவர்ணம் தன் வயலோரம் பூட்டிக் கிடந்த மோட்டார் ரூமில் அவற்றை விட்டார். நான் வெறுங்கையோடு திரும்பி, செருப்பைக் கழுவி, சட்டையை மாற்றிய பிறகே என் கூண்டுப் பக்கம் போனேன்.

சந்தைக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்குள் போய்விடுங்கள். வாங்கிய கோழியை மூன்று வாரமாவது தள்ளி வையுங்கள், தண்ணீர்ச் சட்டியும் தனி. பழைய கோழிக்குத் தீனி போட்ட பிறகு புதுசுக்குப் போங்கள். விற்காமல் திரும்பி வந்த கோழியும் புதுக்கோழிதான்.

நேற்றுப் பஞ்சவர்ணம் போன் போட்டார். "ஆறுல ரெண்டு போயிருச்சுண்ணே. டாக்டர்ட்ட குடுத்துட்டேன். வீட்டுல எட்டும் நல்லா இருக்கு. ஒண்ணு முட்டை வச்சிருக்கு."

விற்கிறவர் பேச்சை நான் நம்புவதில்லை. "இப்ப வாங்க மாட்டேன் தாயி, மூணு வாரம் போகட்டும்," என்றேன்.

"விக்கறதுக்கு இல்லண்ணே," என்றார். "சும்மா சொல்லணும்னு தோணுச்சு."