எடை குறைந்தது, பலமும் குறைந்தது

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு, அவரைக் காலையில் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றுவது நான்தான். லண்டனில் மிச்சம் என்னும் பகுதியில் நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம். எனக்கும் சர்க்கரை வரக்கூடும் என்று தெரிந்ததும் பயந்துபோனேன். நான் படுத்தால் இவரை யார் பார்ப்பது? என் உயரத்துக்கு பிஎம்ஐ அட்டவணை காட்டிய எடையை இலக்காக்கி, இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். சில மாதங்களில் அந்த எடைக்கு வந்தும் விட்டேன்.

அந்த வாரமே ஒரு நாள் காலையில், அவரைத் தூக்கும்போது என் கால்கள் நடுங்கி, இருவரும் தரையில் சரிந்தோம்.

"உமக்கு நொந்ததோ?" என்று அவர்தான் முதலில் கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

நடந்ததைத் தமிழ்நாட்டுக்காரரான எங்கள் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "பிஎம்ஐக்கு உயரமும் எடையும்தாம்மா தெரியும். குறைஞ்சது கொழுப்பா தசையான்னு தெரியாது. உங்களால என்ன செய்ய முடியணும்?"

"இவரை விழுத்தாமல் தூக்கவேணும் டொக்டர்."

"அப்ப அதையே இலக்கா வைப்போம். சர்க்கரை வராம இருக்க இடுப்பளவு குறையட்டும். பருப்பு, மீன் நல்லா சாப்பிட்டு, காலுக்குப் பயிற்சி செய்யுங்க."

அப்படியே செய்ததில் எடை சற்றுக் கூடியிருக்கிறது; கால்களில் பலமும் வந்திருக்கிறது. இப்போதெல்லாம் அவர் என் தோளைப் பற்றி எழும்பும்போது, தன் முழுப் பாரத்தையும் தயங்காமல் என்மீது சாய்க்கிறார். அந்த நம்பிக்கையை எந்தத் தராசில் நிறுப்பேன்?