நாளைய ஆட்டம் நீள வேண்டும்

மூணாறு போகும் எங்கள் பஸ், மூடுபனி விலகட்டும் என்று போடிமெட்டில் நிற்கிறது. டீக்கடையில் கடைக்காரர் நாசரும் ஜீப் ஓட்டும் முருகனும் ஒரே செல்போனைப் பார்த்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். லண்டனில் நடக்கும் புல்தரை டென்னிஸ் போட்டியில் நாளை எந்த மைதானத்தில் யாருக்கு யாருடன் ஆட்டம் என்ற பட்டியல் இப்போதுதான் வந்திருக்கிறது.

"போட்டியிலயே மூணாவது பெரிய ஆளு, மூணாம் சீடு எங்க, தரவரிசையில கடைசியில கெடக்கிற இந்தப் பய எங்க? ஒன்றரை மணி நேரத்துல சோலி முடிஞ்சிரும்," என்கிறார் முருகன்.

"இல்ல மாப்ளே, அஞ்சு செட்டு போகும். நாலு மணி நேரம் இழுக்கும்."

"எத வச்சுச் சொல்ற?"

நாசர் திரும்பி எனக்கு டீ ஆற்றத் தொடங்குகிறார்.

"அந்தக் கடைசி ஆளை உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா?" என்று கேட்கிறேன்.

"அவன் யாருன்னே தெரியாதுண்ணே. எம் பொண்டாட்டி லண்டன்ல நர்சு. போயி மூணு வருசமாச்சு. நாளைக்கு அந்த ஆட்டத்துக்கு அவளுக்கு டிக்கெட்டு கெடச்சிருக்கு. கூட்டத்த டிவியில காட்டுவாய்ங்கள்ல?"

"போனில் பேசுவதில்லையா?"

"தெனம் பேசுறோம். ஆனா போன்ல எனக்காகச் சிரிக்கிறாண்ணே. அவ பாட்டுக்கு ஒக்காந்து எதையோ வேடிக்க பாக்குறத ஒருக்கா பாக்கணும். ஆட்டம் வெரசா முடிஞ்சிட்டா?"

முருகனுக்கு இது புதுச் செய்தி போலிருக்கிறது. போனை வாங்கிப் பட்டியலை மறுபடியும் வெகுநேரம் பார்க்கிறார்.

"மூணாம் சீடுக்குப் புல்லுல காலு நிக்காது மாப்ளே," என்கிறார் கடைசியில். "கண்டிப்பா இழுக்கும்."

"அஞ்சு செட்டு?"

"அஞ்சு செட்டு."