நடுக்கடலில் சிக்னல் வேண்டாம்

இன்று மதியம் எங்கள் தெரு ரோச் அண்ணாச்சி, தன் விசைப்படகின் உச்சியில் மாட்ட சிம் போடும் ரூட்டர் வாங்க வேண்டும் என்று என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். வாங்கச் சொன்னது அவர் மனைவி செலின் அக்கா.

கடைக்காரர் ஆன்டெனாக்களை எண்ணிக் காட்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கொம்பை எண்ணாதீங்க அண்ணாச்சி. எந்த அலைவரிசை பேண்ட் எடுக்கும்னு பாருங்க. 850 மெகாஹெர்ட்ஸ் இருந்தா, கரை டவர் சிக்னல் கடல்ல ரொம்ப தூரம் வரும். 2300 மட்டும்னா, துறைமுகம் தாண்டுனதும் படுத்துரும்."

முதல்முறையாக ஒரு மனிதர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"ஏலே, அப்போ 850 இல்லாதது எது?"

"இது. ஆனா கடலுக்கு ஆகாது."

"அதையே போடச் சொல்லு. கரையில உங்க அக்கா பேசுதா, கேக்கேன். கடல்லயாவது மீனைப் பாக்க விடுலே."

வாங்கியே விட்டார்.

சற்று முன் அக்கா போன் செய்தார். "தம்பி, நீதான பாத்து வாங்குன? நடுக்கடல்லயும் வீடியோ கால் வரும்லா?"

"நல்ல ரூட்டர்க்கா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

விடிந்தால் அவர் கடலுக்குப் போய்விடுவார். நான் இதே தெருவில்தான் இருக்க வேண்டும். வெளியூரில் யாருக்காவது ரூட்டர் மாட்ட வேண்டுமா? இலவசமாகவே வருகிறேன்.