நான்-லோக்கல் தெலுங்குத் தாய்

அன்றைக்கு அந்த ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி கன்னியம்மா, பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் முனிரத்தினம், மேஜைக்குப் பின்னால் ஃபீஸ் பார்க்கிற மேடம், கதவை ஒட்டி, பச்சைப் புடவை கட்டி, தலையில் அட்டைக் கிரீடம் வைத்து, ஒரு கையில் நெற்கதிரும் மறு கையில் கலசமுமாக என் மகள் பவானி. இவ்வளவு பேர்தான். இந்த ஏழுமலை ஆள் சேர்த்துக்கொண்டு காலேஜுக்குள் புகுந்து கலாட்டா செய்தான் என்று பிற்பாடு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் பிறந்த ஊரை நினைத்து எழுதுகிறார்கள். ஏரோப்ளேன், பாலைவனம், பாஷை தெரியாத ஊர் என்று அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நான் பள்ளிப்பட்டில் பஸ் ஏறி, ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் சித்தூரில் இறங்கினவன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் உட்கார்ந்தேன். தறி ஓடாத வருஷம் ஒன்று வந்தது. அப்போது சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பழம் கழுவ ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். வந்தவன் இங்கேயே இருந்துவிட்டேன். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் நின்றால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். தெலுங்கு பேசுவேன், சண்டை போடுவேன், ஆனால் படிக்க வராது. போர்டில் இருக்கிற எழுத்தைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்து, இதுதான் திருப்பதி என்று முடிவு செய்வேன். ஏறிய பிறகும் நம்பிக்கை வராது. கண்டக்டரைக் கேட்பேன். பிறகு பக்கத்தில் இருப்பவரையும் கேட்பேன். "எக்கின தரவாத்த அடுகுதாவேம்ப்பா?" என்பார்கள். ஏறின பிறகு கேட்கிறாயே என்று. ஏறுவதற்கு முன்பும்தான் கேட்டேன் என்று சொல்லமாட்டேன்.

நவம்பர் ஒன்று இங்கே அவதரண தினம், அதாவது ஆந்திரா பிறந்த நாள். நடுவில் மாநிலம் இரண்டாகப் பிரிந்த பிறகு சில வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை, பிறகு மறுபடி கொண்டாடத் தொடங்கினார்கள். அதே நாளில் குப்பம் தாண்டிக் கர்நாடகா பக்கம் போனால் ஆட்டோவுக்கு ஆட்டோ மஞ்சளும் சிவப்புமாகக் கொடி பறக்கும், அவர்களுக்கும் அன்றுதான் பிறந்த நாள். கேரளாவுக்கும் அன்றுதான். தமிழ்நாட்டில் எல்லைக்காகப் போராடி உயிர்விட்டவர்களுக்கு மாலை போடுகிறார்கள். ஒரே நாளில் ஒரு பக்கம் கேக், ஒரு பக்கம் கொடி, ஒரு பக்கம் மாலை. நடுவில் குடியிருக்கிறவனுக்கு என்ன என்று எந்தப் பக்கத்துக்காரனும் கேட்டதில்லை.

எனக்கு இந்தத் தேதியின் மேல் கோபம் வரக் காரணம் இருக்கிறது. என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, பிறந்தபோது எங்கள் ஊரே ஆந்திராவில் இருந்தது. திருத்தணியோடு சேர்த்து எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது அறுபதாம் வருஷத்தில்தான். அதுவரை நைனா ஆந்திராக்காரர், மறுநாள் காலையில் தமிழ்நாட்டுக்காரர். அவர் பாயைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. அவர் பிள்ளை நான் அதே பழைய மாவட்டத்துத் தலைநகரத்துக்குப் பிழைக்க வந்தால் வெளியூர்க்காரன். சரி, நான் வெளியூர்க்காரன் என்றே வைத்துக்கொள்வோம். சித்தூர் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் பிறந்து, சித்தூர்த் தண்ணீர் குடித்து, தூக்கத்தில் தெலுங்கில் உளறுகிற என் மகள் எந்த ஊர்?

எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் எட்டாவது வரைதான். எட்டு முடித்த பிள்ளையை எல்லைக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டிலோ மாமன் வீட்டிலோ விட்டு, பன்னிரண்டாவது வரை தமிழில் படிக்கவைத்து, திரும்ப அழைத்துக்கொள்வது இங்கே வழக்கம். தெருவில் முக்கால்வாசி வீட்டில் அப்படித்தான் செய்தோம். பாதியில் பாஷையை மாற்றினால் பிள்ளை குழம்பிப்போகும் என்று வாத்தியாரே சொன்னார். பவானி மாமன் முனிரத்தினம் வீட்டில் இருந்து படித்தாள், நல்ல மார்க் எடுத்தாள். நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டாள். அப்போதுதான் தெரிந்தது, கடைசி நான்கு வருஷம் எங்கே படித்தாளோ அதுதான் அவள் ஊராம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாடு, ஆகவே இங்கே நான்-லோக்கல். லோக்கல் பிள்ளைகளுக்குப் போகிற கவர்ன்மெண்ட் சீட்டும் இல்லை, ஃபீஸை கவர்ன்மெண்ட் கட்டுகிற திட்டமும் இல்லை. அந்தப் பக்கம் போய்க் கேட்டோம். அங்கே எட்டாவதிலிருந்து படித்திருக்க வேண்டுமாம். எட்டாவது இங்கே படித்தாள். பிறப்பிடச் சான்று கொண்டுவா என்றார்கள். ரேஷன் கார்டு ஆந்திராவில் இருக்கிறதே, எப்படிக் கொடுப்பது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு பக்கம் நான்கு வருஷக் கணக்கு, இன்னொரு பக்கம் ஐந்து வருஷக் கணக்கு. அந்த ஒற்றை எட்டாவது வகுப்பில் என் பிள்ளை மாட்டிக்கொண்டது. கடைசியில் திருப்பதியில் ஒரு தனியார் காலேஜில் மேனேஜ்மெண்ட் சீட்டில் சேர்த்தோம்.

அக்டோபர் கடைசியில் காலேஜ் ஆபீஸிலிருந்து மேடம் போன் செய்தார். "நவம்பர் ஒகட்டிக்கி ஃபங்ஷன் உந்தி. பேரண்ட்ஸ் இத்தரூ தப்பகுண்டா ராவாலி." இரண்டு பேரும் தவறாமல் வரவேண்டும். குரலில் தேன். அன்று இரவு பவானியே ஹாஸ்டலிலிருந்து பேசினாள்.

"நைனா, நான்தான் தெலுகு தல்லி."

"இன்னாடி சொல்ற?"

"நாடகத்துல நைனா. உயரமா, முடி நீளமா ஒரு பொண்ணு வேணும்னாங்க. எல்லாரும் என்னிய கைகாட்டிட்டாங்க. ரெண்டு பக்கம் வசனம்."

நமக்குத் தமிழ்த்தாய் மாதிரி அவர்களுக்குத் தெலுகு தல்லி, தெலுங்குத் தாய். கன்னியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு உடனே கவலை பிடித்துக்கொண்டது. தமிழ்ப் பெண் என்று தெரிந்து யாராவது கத்திவிட்டால்? வசனத்தில் ஒரு எழுத்து பிசகினால்? அதைவிடப் பெரிய கவலை, இந்த வருஷ ஃபீஸ் அறுபத்தைந்தாயிரம் அப்படியே நிற்கிறது. டிசம்பரில் பரீட்சை. மாம்பழ சீசன் முடிந்து மூட்டை தூக்கிச் சேர்த்ததும், முனிரத்தினம் கொடுத்த சீட்டுப் பணமும் சேர்ந்து இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு இருந்தது. வீட்டில் வைத்தால் திருடு போகும் என்ற பயத்தில் அதை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிந்தேன். ஃபங்ஷன் முடிந்ததும் மேடம் கையில் கொடுத்துவிட்டு மிச்சத்துக்குத் தவணை கேட்கலாம் என்று எண்ணம்.

ஃபங்ஷன் அன்று காலை பஸ்ஸில் சந்திரகிரி தாண்டுகிறவரைக்கும் முனிரத்தினம் என்னை விடவில்லை.

"இன்னா மாமா, இடுப்பத் தொட்டுப் பாத்துக்கினே வர? வலியா?"

"சும்மா வா மச்சான்."

"திருடனுக்கு அட்ரஸ் குடுத்துக்கினு வரியே, அதான் சொன்னேன்."

கன்னியம்மா சிரித்தாள். நான் கையை எடுத்தேன், அடுத்த நிமிஷம் கை தானாக அங்கேயே போனது.

காலேஜ் வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே பந்தல், சீரியல் செட், மைக். எங்களை முன்வரிசையில் உட்காரவைப்பார்கள் என்று கன்னியம்மா நினைத்திருந்தாள். பியூன் வந்து ஆபீஸ் அறைக்கு அழைத்துப்போனார். மேடம் எழுந்து கும்பிட்டார்.

"ரண்டி, கூர்ச்சோண்டி. மீ அம்மாயி அச்சம் தெலுகு தல்லிலாகே உந்தி." உங்கள் பெண் அப்படியே தெலுங்குத் தாய் மாதிரியே இருக்கிறாள்.

நான் வெட்கத்தோடு சிரித்து, எல்லாம் உங்கள் தயவு என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே, சாயங்காலத்துக்குள் முழு ஃபீஸும் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்றார். போனில் கேட்டால் அடுத்த வாரம் வருகிறேன் என்பீர்கள், பிள்ளை மேடை ஏறுகிற நாள் என்றால் பெற்றவர்கள் எப்படியும் வந்துவிடுவீர்கள், அதனால்தான் இன்றைக்குக் கூப்பிட்டோம் என்று ஒளிக்காமல் சொன்னார். தேன் குரலுக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. மரியாதைக்கு அழைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, கன்னியம்மா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு மேடம் தலையாட்டினார். "லோக்கல் பில்லலக்கி கவர்ன்மெண்ட் கடுதுந்தி. மீரு நான்-லோக்கல் கதா, மேமேம் செய்யாலி?" லோக்கல் பிள்ளைகளுக்கு கவர்ன்மெண்ட் கட்டுகிறது, நீங்கள் நான்-லோக்கல், நாங்கள் என்ன செய்வது.

கதவுப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. அம்மா அப்பா வந்துவிட்டார்கள் என்று தெரிந்து, வேஷத்தோடு பவானி ஓடிவந்திருக்கிறாள். எவ்வளவு கேட்டாளோ தெரியவில்லை. கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முகத்தில் ரோஸ் பவுடர், அதற்குள் கண் மட்டும் சிவப்பு.

முனிரத்தினம்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஏம்மா மேடம், தாயே நான்-லோக்கல்னா அப்புறம் பிள்ளைங்கோ எந்த ஊரு?" தமிழில்தான் கேட்டான். மேடத்துக்குப் புரிந்தது, புரியாததுபோல லெட்ஜரைப் புரட்டினார்.

வெளியே மைக்கில் கரஸ்பாண்டெண்ட் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவளோடு படிக்கிற லாவண்யா என்ற பெண் எட்டிப் பார்த்து, "பவானீ, ரா! சார் ஒச்சேசாரு" என்றாள். வா, சார் வந்துவிட்டார் என்று. பவானி போகவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு, நெற்கதிரைப் பக்கத்தில் சாய்த்தாள்.

"ஹால் டிக்கெட் இஸ்தே ஒஸ்தானு மேடம்." ஹால் டிக்கெட் கொடுத்தால் வருகிறேன்.

டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால்? இத்தனை வருஷம் கட்டின பணம்? "வேணாம்மா, எழுந்து போம்மா, நைனா பாத்துக்கிறேன்" என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

மேடத்துக்குக் கோபம் வந்தது. கிரீடத்தைக் கழற்றி லாவண்யாவிடம் கொடு என்றார். பவானி குரலை உயர்த்தாமல், "லாவண்யாகு லைன்ஸ் ராவு மேடம்" என்றாள். வசனம் லாவண்யாவுக்குத் தெரியாது. கதவில் நின்ற லாவண்யா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஓடிப்போனாள்.

மைக்கில் மறுபடி கூப்பிட்டார்கள். தெலுகு தல்லி வேதிகைக்கு, அதாவது மேடைக்கு, வரவேண்டும், தெலுகு தல்லி எங்கிருந்தாலும் உடனே வேதிகைக்கு வரவேண்டும். அவர்கள் கூப்பிடக் கூப்பிட எனக்குள் என்னவோ ஏறிக்கொண்டே வந்தது. என் நைனாவைக் கேட்காமல் ஊரை மாற்றினார்கள். என்னைக் கேட்காமல் தமிழ் மீடியத்தை எட்டாவதோடு நிறுத்தினார்கள். இப்போது என் பிள்ளையின் முடியும் உயரமும் வேண்டும், நெல்லைப் பிடித்துக்கொண்டு நிற்க அவள் கை வேண்டும், அவள் மட்டும் வேண்டாம். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கன்னியம்மா அந்தப் பக்கம் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் முதல் வேலையாக மகளின் கிரீடத்தை நேராக்கினாள்.

"எனுக்கு எடம் இல்ல, நான் நின்னுக்கினே தர்ணா பண்றேன்" என்று முனிரத்தினம் கையைக் கட்டிக்கொண்டான்.

மேடத்தின் போன் அடித்தது. எழுந்து நின்று பேசினார். "ஆ சார்... ஒச்சேஸ்துந்தி சார்... மேக்கப் சார்." இதோ வந்துவிடுவாள், மேக்கப் நடக்கிறது என்று. வைத்துவிட்டு எங்கள் நான்கு பேரையும் பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்ததா, களைப்பா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரும் எங்கேயோ சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான். மேஜை டிராயரைத் திறந்து ஹால் டிக்கெட்டை எடுத்தார். மிச்சப் பணத்தைப் பொங்கலுக்குள் கட்டுகிறேன் என்று ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். நான் தமிழில் போட்டேன். பார்த்துவிட்டு லெட்ஜருக்குள் செருகினார்.

பவானி ஹால் டிக்கெட்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். பிறகு நெற்கதிரை எடுத்துக்கொண்டு போனாள்.

பந்தலில் கடைசி வரிசையில் நின்று பார்த்தோம். ஒரு எழுத்து பிசகவில்லை. அவள் குரல் மைக்கில் வந்தபோது பெரிய பெரிய ஆட்கள் எழுந்து நின்றார்கள். கரஸ்பாண்டெண்ட் அவள் காலடியில் பூப்போட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். இந்தத் தாய்க்குப் பிறந்த எல்லாரும் ஒன்று என்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். கன்னியம்மாவும் தட்டினாள், மகளுக்காக. எனக்குக் கை எழவில்லை. என் வயதில் பாதி இந்த மண்ணில் போயிருக்கிறது, இங்கேயே என்னை எரிப்பார்கள் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கைதட்டலுக்குள் போய் நிற்க எனக்கு இடம் தெரியவில்லை.

சித்தூர் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரைக் கேட்டு, பக்கத்து ஆளையும் கேட்டு உட்கார்ந்த பிறகு, காலேஜ் நம்பரிலிருந்து என் போனுக்கு இரண்டு மெசேஜ் வந்தன. முதலாவது ஒரு படம்: கிரீடத்தோடு என் பவானி நிற்கிறாள், அவள் முன்னால் கரஸ்பாண்டெண்ட் குனிந்து கும்பிடுகிறார். அதற்குக் கீழே தெலுங்கில் இரண்டு வரி. எனக்குப் படிக்கத் தெரிந்தது கடைசியில் இருந்த எண் மட்டும்தான். பாக்கி ரூபாய் நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு.