கலியபெருமாளின் ஹாலில் ஓடிய ஆறு

இனி நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று காவிரி சாட்சியாக உறுதி கூறுகிறேன். மீறி நம்பினால் வரும் நஷ்டத்துக்கு நான் பொறுப்பல்ல. போன வைகாசியில் ஒரு காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, என் கூட்டாளி கலியபெருமாள் போய்விட்டான் என்று அவன் மனைவி செல்வி போனில் சொன்னாள். நானே அதை நம்பவில்லை. யார் சொல்லியும் கேட்காதவன், எமன் சொன்னதும் கிளம்பிவிடுவானா?

அவனை அறிந்தவர்களுக்குத் தெரியும். முட்டி தேய்ந்துபோய், திருக்காட்டுப்பள்ளி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தஞ்சாவூரில் இரண்டாம் மாடிக்குக் குடிவந்தவன். காலில் சேறு ஒட்டாத வீடு அவனுக்கு ஒத்துவரவில்லை. நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடி மீன்தொட்டி வாங்கினான். அடியில் வண்டல் பரப்பி, மேலே ஆற்றுமணல் போட்டு, வாய்க்காலில் பறித்த வேலம்பாசிச் செடியை நட்டான். வரிசை கோணாமல் இருக்கக் கயிறு பிடிக்க என்னைக் கூப்பிட்டான். நானும் பிடித்தேன்.

நட்டவன் சும்மா இருப்பானா? நெல்லுக்குப் போடும் ஞாபகத்தில் ஒரு பிடி யூரியாவைத் தூவிவிட்டான். நல்லவேளை, அப்போது மீன் வாங்கியிருக்கவில்லை. ஒரே வாரத்தில் தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது. டார்ச் அடித்தால் வெளிச்சம் உள்ளே போகப் பயந்து திரும்பி வந்தது. வண்ணமீன் கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் செடியை நீட்டினார். வாடாது, அழுகாது என்றார். கலியபெருமாள் அதைத் தொடக்கூட இல்லை. “வாடாதத எப்படிங்க வளக்கறது?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டான்.

தொட்டியைக் கழுவி மறுபடி நட்டான். பைப்புத் தண்ணீரில் உப்பு என்று அவனாகவே தீர்ப்பு எழுதி, ஊருக்குப் போகும்போதெல்லாம் குடமுருட்டி ஆற்றிலிருந்து கேன் கேனாக மொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தான். கண்டக்டர் கேனுக்கு லக்கேஜ் கேட்டால், “ஆறுங்க, என்கூட வருது” என்பான். செல்விக்கு ஆத்திரம் தாங்காது. “இந்த மனுசன் என்னக் கட்டினாரா, பாசியக் கட்டினாரா, நீங்களே கேளுங்கண்ணே” என்பாள்.

இந்த முறை செடி பிடித்துக்கொண்டது. மதிய வெயில் பட்டால் இலைக்கு இலை முத்து முத்தாகக் காற்றுக் குமிழ் கிளம்பும். தஞ்சாவூரில் பாதிப் பேர் அதை மூச்சிழுத்துத்தான் பிழைத்தார்கள். அதில் விட்ட கெண்டைக்குஞ்சுகள் யானைக்குட்டி அளவுக்கு வளர்ந்து, என்னிடமே சாப்பாடு கேட்டு அதட்டின. குடமுருட்டி வெறும் மணலாகக் கிடந்த மாதங்களிலும் அவன் ஹாலில் ஆறு ஓடியது. அதில் முதலையைப் பார்த்தேன் என்று ஒருநாள் அவனிடம் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. “ரெண்டு” என்றான்.

அவனை எடுத்த பிறகு வழக்கப்படி வீட்டைக் கழுவினார்கள். இழவு வீட்டில் பிடித்துவைத்திருந்த தண்ணீர் தீட்டு, இருக்கக் கூடாது. குடம், அண்டா, ஃபில்டர் எல்லாம் கவிழ்ந்தன. தொட்டியை மட்டும் ஆண்கள் வரட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்ததும் அவன் சித்தப்பா ஒரு ரப்பர் குழாயோடு தொட்டியை நெருங்கினார். மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை. கொட்டினால் திரும்ப நிரப்ப ஆற்றில் தண்ணீர் இல்லை. அத்தனை செடியும் அன்றைக்கே செத்துவிடும்.

மூலையில் கிடந்த செல்வி எழுந்து வந்து அவர் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டாள்.

“அது வீட்டுத் தண்ணி இல்லீங்க மாமா. ஆறு. ஆத்துக்கு ஏது தீட்டு?”

ஊரில் நாலு பஞ்சாயத்தைத் தீர்த்துவைத்த சித்தப்பா குழாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு உட்கார ஒரு நாற்காலி கேட்டார்.

இப்போது செல்விதான் செடியைக் கத்தரித்து விடுகிறாள். கத்தரித்ததில் ஒரு கொத்து, என் வீட்டு ஊறுகாய் பாட்டிலில் வெள்ளை வேர் விட்டு நிற்கிறது. அவனுடையது என்று நான் வைத்திருப்பது அதுதான். கலியபெருமாள் போய்விட்டானாமே என்று யார் வந்தாலும், பாட்டிலை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன். எமனே வந்து கேட்டாலும் அதேதான்.

சரி, முதலைகள் பொய். யானைக்குட்டிக் கெண்டையும் நான் விட்ட கதைதான். ஆனால் வீட்டுத் தண்ணீர் எல்லாம் கவிழ்ந்த அன்று, ஓர் ஆறு மட்டும் கவிழவில்லை. அது நிஜம்.