ஜெயித்தவள் கையில் தட்டு

போன வாரம் ஒரு பள்ளி விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பென்னாகரம் ரோட்டில் இருக்கும் பெரிய மேல்நிலைப் பள்ளி. புதிதாகத் தேர்ந்தெடுத்த மாணவர் தலைவருக்கு நான் பேட்ஜ் குத்திவிட வேண்டும். சின்ன வேலைதானே... சந்தோஷமாகப் போனேன்.

நிஜத் தேர்தல் மாதிரியே நடத்தினார்களாம். வாக்குப்பெட்டி, பிரச்சாரம், விரலில் மை கூட! முன்வரிசைப் பிள்ளைகள் மை வைத்த விரலை எனக்குத் தூக்கிக் காட்டினார்கள். 'எங்கள் பள்ளியில் ஜனநாயகம்' என்று தலைமையாசிரியர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேறு போட்டிருந்தார். எனக்கே புல்லரித்தது.

மேடையில் நந்தகுமார் என்ற பையன் விறைப்பாக நின்றான். பக்கத்தில் பேட்ஜ் தட்டை ஏந்தியபடி ஒரு பெண், தேவி. வாசலில் எனக்குச் சந்தனம் கொடுத்தவளும் அவள்தான். பேட்ஜை எடுத்து, ஊக்கைத் திறந்து, நந்தகுமார் சட்டையில் குத்தப் போனேன். அவன் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"மேடம், ஜெயிச்சது தேவிதானுங்க. எனக்கு வேணாம்னு சார்கிட்ட சொன்னனுங்க... கேக்கலீங்க."

திறந்த ஊக்கோடு அப்படியே நின்றேன். ஜெயித்தவள் தட்டு ஏந்துகிறாள். தோற்றவனுக்கு அந்தத் தட்டிலிருந்து பேட்ஜ். இது என்ன கூத்து?

தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். மனிதர் பதறவே இல்லை.

"அது ஒண்ணுமில்லீங்க மேடம். அந்தப் புள்ள வத்தல்மலைங்க. லீடர்னா காலைல நேரத்துல வரணும், சாயந்திரம் எல்லாம் முடிச்சுட்டுத்தான் வூட்டுக்குப் போவணும். பொம்பளப் புள்ள, மலை பஸ்ஸை நம்பி எப்படிங்க? அதான் துணைத் தலைவியா போட்டுட்டோம்."

ஆஹா, என்ன அக்கறை! "சரிங்க சார், வாசல்ல அவ்வளவு பெரிய கோலம்... யாரு போட்டது?"

"தேவிதானுங்க!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவங்கப்பா விடியறதுக்குள்ள வண்டியில கொண்டாந்து உட்டுட்டாருங்க. சாயந்திரம் டீ டம்ளர் எல்லாம் கழுவி வச்சுட்டுத்தான் போவா. தங்கமான புள்ளைங்க."

கேட்டுக்கொண்டீர்களா? கோலம் போட இருட்டில் மலை இறங்கி வரலாம். டம்ளர் கழுவிவிட்டு இருட்டில் மலை ஏறிப் போகலாம். தலைவியாக மட்டும் வரக் கூடாது!

கோபம் கோபமாக வந்தது. இந்த ஒரு பள்ளி மட்டும்தானா? எத்தனை வகுப்புகளில் பார்க்கிறோம்... லீடர் பையன் கரும்பலகை முன்னால் நின்று, பேசுகிறவர்கள் பெயரை எழுதுவான். துணை லீடர் பெண் சாக்பீஸ் எடுத்து வருவாள், விருந்தாளி வந்தால் ஆரத்தி எடுப்பாள். ஊராட்சியில் மனைவி ஜெயித்து, கணவர் நாற்காலியில் உட்கார்ந்தால் நாம் கேலி செய்கிறோம். அதற்கான டிரெயினிங்கை யூனிஃபார்ம் போட்டு இங்கேதானே கொடுக்கிறோம்?

பேட்ஜோடு தேவி பக்கம் திரும்பினேன். அவள் ஓரடி பின்னால் போனாள்.

"வேணாங்க மேடம். பிராக்டிகல் மார்க்கு இவங்க கையிலதானுங்க இருக்குது."

தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஜெயிச்சுட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டனுங்க மேடம். பேட்ஜ் எங்கன்னு கேப்பாரு..." என்றாள்.

ஓட்டுப் போட்ட பிள்ளைகள் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலில் மை அப்படியே இருக்கிறது. போட்ட ஓட்டு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் அன்றைய பாடம்.

பேட்ஜை யாருக்கும் குத்தவில்லை. தட்டிலேயே வைத்தேன். மைக்கைப் பிடித்து, "இது ஜெயித்தவருக்கு உரியது. அவருக்கே கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். பிள்ளைகள் கூட்டத்திலிருந்து கைதட்டல் வந்தது. ஒரு விசில் சத்தமும் கேட்டது. உடனே ஆசிரியர்கள் அதட்டி அடக்கிவிட்டார்கள்.

கார் வரை வந்து வழியனுப்பினார் தலைமையாசிரியர். தூரத்தில் குழாயடியில் தேவி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மனசுல வச்சுக்காதீங்க மேடம். அடுத்த வருசம் கண்டிப்பா தேவியையே லீடரா போட்டுடறோம்" என்றார், ரொம்பப் பெரிய மனதோடு.

தேவி படிப்பது ப்ளஸ் டூ!