நானூறு எம்.எம். லென்ஸும் அடி அண்ணாமலை நடுக்கோடும்

1978. சனிக்கிழமை காலை ஆறரைக்கு வேலூரில் திருவண்ணாமலை பஸ் பிடித்தேன். எண்பது கிலோமீட்டர் சொச்சம். மடியில், சென்னை நண்பரிடம் கெஞ்சி இரவல் வாங்கிய நானூறு எம்.எம். டெலிஃபோட்டோ லென்ஸ், கைக்குழந்தை கனம். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் என்று கண்டக்டருக்கு விளக்கினேன். அப்படியானால் மலையை வேலூரிலிருந்தே பார்த்திருக்கலாமே என்று சிரித்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்தார்.

ஒன்பதரை மணிக்குச் செங்கம் ரோட்டில் இறங்கி, மலையடிவாரத்துக் குரங்குகளை எடுத்தேன். இருபதடி தள்ளி நின்றும் ஒரு கிழட்டுக் குரங்கின் மூஞ்சி படம் நிறைய வந்து நின்றது. அடேயப்பா! அந்த ருசிதான் என்னைக் கெடுத்தது.

அன்று தங்கியது மலையடிவாரத்து அடி அண்ணாமலை கிராமத்தில், எனக்குப் பழக்கமான கண்ணன் வீட்டில். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர், ஊர் சடுகுடு அணிக்குத் தலைவர். முழங்கால் போய்விட்டது, நாளைய ஆட்டத்தோடு சரி என்றார். கோப்பையோடு முடிக்க ஆசை.

ஞாயிறு மாலை நாலு மணி. எதிரணி வேங்கிக்கால். ஐம்பதடி தள்ளி பெஞ்சின் மேல் நின்றேன். இரு பக்கமும் சமம். கடைசியாகக் கண்ணன் பாடிப் போனார். ஒருவனைத் தொட்டுத் திரும்பும்போது மூன்று பேர் காலைக் கவ்வ, நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்து விழுந்தார். கேமரா பொத்தானை அமுக்கினேன். கோட்டைத் தொடவில்லை என்றார் நடுவர். தொட்டேன் என்றார் கண்ணன். ஒரே கூச்சல்.

யாரும் கேட்காமலே நான் வாயை விட்டேன். “என் கேமராவுல இருக்குதுங்க. கழுவிக் கொண்டாந்து காட்டறேன்.”

இரண்டு ஊராரும் ஒத்துக்கொண்டார்கள். படம் வரும்வரை கோப்பை டீக்கடை அலமாரியில் இருக்கட்டும் என்று முடிவானது.

மறுநாள் வேலூர் இருட்டறையில், மருந்துத் தட்டில் கண்ணனின் முகம் மெல்ல எழுந்தது. புழுதி, பல்லைக் கடித்த வாய், புடைத்த கழுத்து நரம்பு. என் ஆயுளில் அப்படியொரு படம் எடுத்ததில்லை. நீட்டிய கை முழங்கையோடு படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது. கையையும் கோட்டையும் சேர்த்தே பிடித்திருக்கக்கூடிய சாதாரண லென்ஸ் அன்று முழுக்கப் பையில் சும்மாவே கிடந்தது. பாழாய்ப்போன ஆசை எனக்கு.

போகாமலே இருந்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அடுத்த ஞாயிறு போனேன். டீக்கடையில் இரண்டு ஊரும் காத்திருந்தது. கண்ணன் சலவைச் சட்டையில் வந்திருந்தார். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“மூஞ்சி நல்லா வந்திருக்குது சார். கை இல்லியே.”

அவரே கோப்பையை எடுத்து வேங்கிக்கால்காரர்களிடம் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நாலரைக்கு வேலூர் பஸ் கிளம்ப இருந்தது. கண்ணன் நொண்டிக்கொண்டே ஜன்னலோரம் வந்தார்.

“நான் தொட்டேன் சார். நீங்கதான் அவ்ளோ கிட்டத்துல பாத்தீங்களே. உங்களுக்காவது தெரியும் இல்ல?”

நான் பார்த்தது முகத்தை மட்டும்தான்.